படகை இறக்க விடாத கஸ்தூரி

பாலோ என்ற சிற்றூரில் கஸ்தூரிக்கு இன்னொரு பெயர் உண்டு. இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் அவளை 'விசி மிசி' என்பார்கள். தொலைநோக்குக்கும் பணிக்கும் மலாயில் வழங்கும் சொற்கள் அவை. அது அவள் காதிலும் விழுந்துதான் இருந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளக் காரணம் அவளேதான்.

அவள் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். கஸ்தூரி பள்ளியில் படிவம் ஐந்து முடித்ததும் குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது அங்கே ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறாள். முப்பதை நெருங்கும் வயது. மன்றத்தில் அவள் சேர்ந்தது பூப்பந்து ஆடத்தான். தலைவராக இருந்த குணாளன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது அந்த நாற்காலியில் உட்கார யாரும் முன்வரவில்லை. பொதுக்கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, நிமிர்ந்து பார்த்த ஒரே ஆள் இவள். பொறுப்பு இவள் தலையில் விழுந்தது.

தலைவரானதும் ஜொகூர் பாருவில் நடந்த இளைஞர் தலைவர்களுக்கான பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். உங்கள் மன்றத்தின் விழுமியம் என்ன, பணி என்ன, தொலைநோக்கு என்ன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள் என்றார் பயிற்றுநர். மற்றவர்கள் ஒற்றுமை, முன்னேற்றம், ஒழுக்கம் என்று மளமளவென்று எழுதித் தள்ளினார்கள். கஸ்தூரி பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நினைவு வந்தது ஒரு நீர்வீழ்ச்சி. பதினைந்து வயதில் மன்றத்தோடு சுற்றுலா போனபோது, மழைக்குப் பயந்து எல்லோரும் ஓடிப் பேருந்தில் ஏற, உடை மாற்றப் போயிருந்த அவளை விட்டுவிட்டு வண்டி கிளம்பிவிட்டது. யாரும் தலை எண்ணவில்லை. வண்டி திரும்பி வரும்வரை ஒரு தகரக் கூரையின் கீழ் தனியாக நின்ற அந்த நேரத்தை அவள் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை.

அவள் விழுமியம் என்று எழுதியது இதுதான்: 'அழைத்துப் போனவர்களை முழுசாக அழைத்து வருவோம்.' அதன் கீழே பணி: 'கஷ்ட நேரத்தில் எந்த வீட்டுக்கும் துணை நிற்போம்.' அதற்கும் கீழே தொலைநோக்கு: 'உதவி கேட்க ஆளில்லாத வீடு பாலோவில் ஒன்றும் இருக்கக்கூடாது.'

ஊருக்குத் திரும்பி வந்து மூன்று வரியையும் மன்ற மண்டபத்துச் சுவரில் நீலச் சாயத்தில் எழுதினாள். துணைத் தலைவர் லெட்சுமணன் ஏணியைப் பிடித்துக்கொண்டே, பிக்னிக்குக்கும் பொங்கல் விழாவுக்கும் இத்தனை வசனம் எதற்கு என்று சிரித்தான். அவளைவிட மூத்தவன், சொந்தமாக ஒரு சின்ன லாரி வைத்துச் சாமான் ஏற்றிப் பிழைப்பவன், மன்றத்தில் எந்த வேலையென்றாலும் முதலில் வந்து நிற்பவன். அவள் அவனை அண்ணன் என்றே கூப்பிடுவாள். சிரித்தாலும் எழுத்துக் கோணாமல் பார்த்துச் சொன்னவன் அவன்தான்.

பருவமழை ஓய்ந்துவிட்டது என்று ஊரே நினைத்திருந்த மார்ச் மாதத்தில் வானம் பொத்துக்கொண்டது. இரவும் பகலும் ஒரே மழை. ஆறு கரையைத் தின்றது, பிறகு சாலையைத் தின்றது. மன்ற மண்டபம் மேட்டில் இருந்ததால் தப்பியது. கஸ்தூரி அங்கே அடுப்பு மூட்ட ஏற்பாடு செய்தாள். மீன்குளம் வைத்திருந்த சீனர் ஒருவர் தம்முடைய ஃபைபர் படகையும் எஞ்சினையும் கொடுத்து உதவினார். மன்றத்துப் பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீர் நின்ற கிராமத்துத் தெருக்களில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். படகை ஓட்டியவன் ஹேமநாதன் என்ற இளைஞன். அந்தச் சீனரின் மீன்குளத்தில் வேலை செய்தவன். தேங்கி நின்ற தண்ணீரிலேயே எஞ்சின் இரண்டு தடவை நின்றுபோனது. மதியம் அதைக் கழற்றி ஸ்டோர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். சாவி கஸ்தூரியிடம் இருந்தது.

பிற்பகலில் லெட்சுமணனின் கைப்பேசி அடித்தது. பேசியது அவன் அம்மா பேச்சியம்மாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவள் வீடு. லயத்துச் சனங்கள் எல்லாம் முதல் நாளே வெளியேறி நிவாரண மையத்துக்குப் போய்விட்டார்கள். அவளும் போய்விட்டாள் என்றே மகன் நினைத்திருந்தான். அவள் போகவில்லை. பக்கத்து வீட்டு ஐயாசாமி வாதம் வந்து படுத்த படுக்கையாய்க் கிடப்பவர். அவரைக் கவனிக்க வந்து போகும் ஆள் வெள்ளத்தில் எங்கோ மாட்டிக்கொண்டான். தூக்க ஆளில்லாத கிழவரைத் தனியே விட்டுப் போக மனசு வராமல் பேச்சியம்மாள் அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்து, கட்டில் காலைப் பிடித்துவிட்டதாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் தொடர்பு அறுந்தது.

லெட்சுமணன் நேரே கஸ்தூரியிடம் வந்து கையை நீட்டினான்.

"சாவி குடு."

அவள் ஏற்கெனவே தீயணைப்புப் படையான பொம்பாவை அழைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய படகுகள் எல்லாம் வேறொரு கிராமத்தில் பள்ளிக்கூடக் கூரையில் ஏறி நின்றவர்களை இறக்கிக்கொண்டிருந்தன. வருவோம், எப்போது என்று சொல்ல முடியாது, ஆற்றின் நடு ஓட்டத்தில் யாரும் படகு இறக்க வேண்டாம் என்று அங்கிருந்த அதிகாரி இரண்டு முறை சொன்னார். படகில் லயத்துக்குப் போக வேண்டுமானால் அந்த நடு ஓட்டத்தைத்தான் கடக்க வேண்டும்.

"அண்ணே, அந்த எஞ்சின் காலையில ரெண்டு வாட்டி நின்னுச்சு. ஆத்து நடுவுல நின்னா என்ன செய்வீங்க?"

"துடுப்பு போட்டுக்கிறேன். சாவிய குடு."

மண்டபத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். ஹேமநாதன் பாதுகாப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு லெட்சுமணன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர். யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். மன்றம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

கஸ்தூரி சாவியைக் கையில் மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் அவளே எழுதிய முதல் வரி கொடுக்காதே என்றது. இரண்டாவது வரி கொடு என்றது. எழுதும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி போல இருந்தன. இவை ஒருநாள் எதிரும் புதிருமாய் நிற்கும் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

"எல்லாரும் என்கூட வாங்க. ஆத்த ஒரு தடவ பாத்துட்டு பேசலாம்" என்றாள்.

பார்க்க என்ன இருக்கிறது, அவள் நேரத்தை ஓட்டுகிறாள் என்று லெட்சுமணன் கத்தினான். ஆனாலும் பிள்ளைகள் நடக்கவே அவனும் நடந்தான். ரயில் பாலத்துக்குக் கீழே ஆறு ஆறாகவே இல்லை. பழுப்பு நிறத்தில் ஏதோ ஒரு மலைச்சரிவு பெயர்ந்து போவது போல இருந்தது. வாழை மரம், பிளாஸ்டிக் தொட்டி, ஒரு கதவு எல்லாம் குதிரை வேகத்தில் போயின. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேரோடு பிடுங்கிக்கொண்ட ரப்பர் மரம் ஒன்று வந்து பாலத்துத் தூணில் மோதியது. அந்த அதிர்ச்சி காலடி மண்ணில் தெரிந்தது. மரம் ஒரு கணம் நிமிர்ந்து, இரண்டாய் முறிந்து, அடியில் போய் மறைந்தது.

பாதுகாப்புச் சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்த ஹேமநாதன் கையை எடுத்துவிட்டான்.

"ஓயாமயா மரம் வருது? ரெண்டு மரத்துக்கு நடுவுல போயிறலாம்" என்றான் லெட்சுமணன்.  "ஒங்கம்மாவா இருந்தா நீ இப்படி வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பியா கஸ்தூரி?"

 தன் அம்மாவாக இருந்தால் யாரும் கேட்கும் முன்பே சாவியை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பாள் என்று அவள் மனசுக்குத் தெரியும். அதைச் சொன்னால் நால்வரும் படகில் ஏறிவிடுவார்கள் என்பதும் தெரியும்.

"நீங்க சாவிய பிடுங்கிட்டுப் போனா என்னால தடுக்க முடியாது. இந்தப் பிள்ளைங்கள உங்ககூட அனுப்ப மாட்டேன். இவங்க என்னை நம்பி வந்தவங்க."

தனியாக ஒருவன் அந்தப் படகைப் பிடித்துக்கொண்டு எஞ்சினும் ஓட்ட முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். லெட்சுமணன் பிள்ளைகள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. அவன் அப்படியே சேற்றில் குந்தி உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டான். அத்தனை பெரிய ஆள் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்தவர்களால் பிறகு அதை மறக்க முடியவில்லை. கஸ்தூரியாலும்தான்.

அவள் அவன் பக்கத்தில் குனிந்து, லயத்துக்குப் பின்னால் மேட்டுத் தோட்டம் இருக்கிறதே, நெடுஞ்சாலைப் பாலம் வழியாய் ஆற்றைத் தாண்டிச் சுற்றிப் போனால் செம்பனைக் காட்டுக்குள் ஒரு மண்ரோடு இறங்குமே என்றாள். லெட்சுமணன் எழுந்து லாரியை எடுத்தான். அவள் முன்னால் ஏறினாள். ஹேமநாதனும் மற்ற இருவரும் கயிறும் பாதுகாப்புச் சட்டைகளுமாய்ப் பின்னால் ஏறினார்கள். மண்ரோடு லாரியைத் தாங்காது. தோட்டத்து வாசலில் டிராக்டர் ஓட்டும் இந்தோனேசியர் ஒருவர் நின்றிருந்தார். நிர்வாகியிடம் அனுமதி கேட்க நேரமில்லை என்று கஸ்தூரி மலாயில் கெஞ்சினாள். அவர் கொஞ்சம் தயங்கி, வேலை போனால் நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு டிராக்டரைக் கிளப்பினார்.

லயத்துக்குப் பக்கத்தில் இறங்கும் சரிவில் மண்ரோடு நின்றுவிட்டது. அடியில் போட்டிருந்த குழாயோடு ரோடு அறுந்து, அந்தப் பக்கம் ஏரி போலத் தண்ணீர். அதற்கு அப்பால் லயத்தின் கூரைகள் தெரிந்தன. லெட்சுமணன் அம்மா என்று கூப்பிட்டான். பதில் இல்லை. எல்லோரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். ஒரு சன்னலில் சிவப்புத் துணி அசைந்தது.

லெட்சுமணன் சட்டையைக் கழற்றி இறங்கப் போனான். ஹேமநாதன் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். கயிற்றைக் கட்டி அவனை இறக்கிப் பார்த்தார்கள். பத்து முழம் போவதற்குள் காலில் தரை தட்டவில்லை, இழுத்துக் கரையேற்ற வேண்டியதாயிற்று. நீந்திப் போனாலும் கிழவரைக் கொண்டுவரப் படகு வேண்டும்; சீனரின் ஃபைபர் படகோ அந்தச் சின்ன லாரியில் ஏறாது. கஸ்தூரி மறுபடியும் பொம்பாவை அழைத்தாள். இந்த முறை அவளிடம் சொல்ல ஒரு செய்தி இருந்தது: நடு ஓட்டத்தைக் கடக்க வேண்டாம், பின்பக்கத்தில் தண்ணீர் ஆழம்தான் ஆனால் ஓட்டமில்லை, படகைக் கொண்டுவர டிராக்டர் தயார். அந்த அதிகாரி வழியை மூன்று முறை கேட்டுக்கொண்டார்.

அவர்கள் வரும்வரை சரிவில் நின்றவர்கள் மாற்றி மாற்றிக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே இருப்பவள் தான் தனியாய் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று கஸ்தூரி சொன்னாள். அவள் தொண்டை கட்டிப்போயிற்று. சிவப்புத் துணி ஒரு தடவை அசைந்தது, பிறகு அசையவில்லை. லெட்சுமணன் கஸ்தூரியைப் பார்த்த பார்வையில் பழி முழுவதும் இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் பொம்பாவின் ரப்பர் படகு டிராக்டரில் வந்து இறங்கியது. பேச்சியம்மாள் உயிரோடு இருந்தாள். மேசைமேல் நாற்காலியைப் போட்டு ஐயாசாமியை அதில் சாய்த்து வைத்து, மார்பளவு தண்ணீரில் நின்று அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். படகில் ஏற்றியபோது அவள் கைகள் மடங்கவில்லை.

ஐயாசாமி குளுவாங் மருத்துவமனையில் ஒரு வாரம் கிடந்து, நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனார்.

லாபிசிலிருந்து அவர் மகள் வாசுகி வந்து காரியங்களைச் செய்தாள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. ஊர் சொன்னது. படகு இருந்தது, ஆள் இருந்தது, ஒரு பொண்ணு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கிழவனைத் தண்ணீரில் ஊற விட்டாள் என்று தேநீர்க் கடையில் பேசினார்கள். நாலு இளந்தாரிகள் உயிரோடு இருக்கிறார்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள். ஆனால் அந்த நால்வரும் போகாததால், போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்ட எதுவும் இல்லை. இறந்தவருக்குப் பிணம் இருந்தது. நடக்காத விபத்துக்கு அது இல்லை. கஸ்தூரிக்குத் தூக்கம் போனது. ஒரு மணி நேரம் முந்தியிருந்தால் என்று அவளே கணக்குப் போட்டுப் போட்டு ஓய்ந்தாள்.

லெட்சுமணன் மன்றத்திலிருந்து விலகினான். அதையும் அவளிடம் சொல்லவில்லை, செயலாளர் வழியாகச் சொன்னான்.

தண்ணீர் வடிந்ததும் அவள் மண்வெட்டியோடு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனாள். சேறு முழங்கால் வரைக்கும் இருந்தது. பேச்சியம்மாள் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சட்டியைத் தேய்த்தாள். கஸ்தூரி சேற்றை வழித்துக் கொட்ட ஆரம்பித்தாள். அறையின் பாதிக்கு வந்தபோது பேச்சியம்மாள் பேசினாள்.

"போட் சத்தம் கேக்குதான்னு காத உத்து வெச்சுக்கிட்டே நின்னேன். எம் மவன் வந்துருவான், வந்துருவான்னு அவருகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"நாந்தாம்மா அனுப்பல."

"தெரியும். சொன்னான்." கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "எம் மவன் செத்திருந்தா ஒன்ன சபிச்சிருப்பேன். அவன் இருக்கான். ஆனாலும் ஒன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. நா என்ன செய்ய?"

கஸ்தூரி மீதிப் பாதிச் சேற்றையும் வழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அந்த மாதக் கடைசியில் மன்றக் கூட்டத்தை அவளே கூட்டினாள். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாள். கேட்டார்கள். தலைவர் பதவி தந்த திமிரா என்று ஒருவன் கேட்டான். சுவரில் எழுதியதை நம்பி ஆளைச் சாகவிடுவதா, அந்த முதல் வரியை அழிக்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். அவள் ஐயாசாமிக்குத் தூரத்து உறவு. ஹேமநாதன் எழுந்து, அன்றைக்கு மரம் மோதியதைப் பார்த்தபோது தனக்குப் பயம் வந்தது, பயந்ததற்காக இன்னும் வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

கடைசியாகக் கஸ்தூரி பேசினாள். குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

"முதல் வரிய அழிக்க வேணாம். என்னை மாத்தணும்னா மாத்துங்க. தப்பு எங்கன்னா, ரெண்டாவது வரியில. துணை நிப்போம்னு எழுதிட்டோம். நிக்கத் தெரியுமான்னு நாம ஒரு நாளும் கேட்டுக்கல. வெள்ளத்துல போட் ஓட்டத் தெரியல, எஞ்சின் பாக்கத் தெரியல, எந்த வீட்டுல எந்திரிக்க முடியாத ஆள் கிடக்குறாங்கன்னுகூடத் தெரியல. அது தெரிஞ்சிருந்தா ஐயாசாமி தாத்தாவ மழை தொடங்குன அன்னைக்கே தூக்கியிருப்போம். எந்த ஆத்தையும் தாண்ட வேண்டியிருந்திருக்காது."

அவள் தலைவராகத் தொடர வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே கைகள் எழுந்தன. தூக்காதவர்களில் சிலர் பிறகு மன்றத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

மீதி இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்கு இறங்கினார்கள். பொம்பாவிடம் கேட்டு ஓர் ஏரியில் படகுப் பயிற்சி எடுத்தார்கள். ஹேமநாதன் எஞ்சினைப் பிரித்துக் கோக்கப் பழகினான். மற்ற நாட்களில் வீடு வீடாகப் போனார்கள். படுக்கையில் இருப்பவர், ஊன்றுகோல் பிடித்து நடப்பவர், பிள்ளைத்தாய்ச்சி என்று விசாரித்தார்கள். சில வீட்டில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள்; சில வீட்டில், இப்போது வந்து என்ன என்று கதவைச் சாத்தினார்கள். சாத்திய வீட்டுக்குக் கஸ்தூரி இரண்டாம் முறையும் போனாள்.

ஆண்டு முடிவில் மறுபடி வானம் இருண்டது. ஆற்று மட்டத்தைக் காட்டும் செயலியில் மஞ்சள் நிறம் வந்ததுமே, சிவப்பாகும்வரை காத்திருக்காமல், நடக்க முடியாதவர்களை முதலில் இடம் மாற்றுவது என்று மன்றம் முடிவெடுத்திருந்தது. அன்று தூறல்தான். வெள்ளமா, எங்கே என்று சிலர் கேலி பண்ணினார்கள். ஆட்களை ஏற்ற ஒரு வேன்தான் கிடைத்தது. லயத்துப் பக்கம் கட்டிலோடு தூக்க வேண்டிய ஒரு பாட்டி இருந்தாள். வேனில் இடம் போதாது.

கஸ்தூரி ரோட்டில் நின்று யாருக்கெல்லாமோ போன் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன லாரி பின்பக்கமாக வந்து நின்றது. லெட்சுமணன் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். உள்ளே மெத்தை விரித்திருந்தது. பேச்சியம்மாள் முன்சீட்டில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மகன் சொல்லி அவள் கிளம்பினாளா, அவள் சொல்லி மகன் வந்தானா என்று கஸ்தூரி கேட்கவில்லை.

"தல பக்கம் யாரு பிடிக்கிறது?" என்று கேட்டான் அவன். அந்த நாளுக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"ஹேமநாதன் பிடிப்பான். நீங்க கால் பக்கம் வாங்கண்ணே. படி வழுக்கும்."

பாட்டியை மெதுவாகத் தூக்கி ஏற்றினார்கள். லெட்சுமணன் பின்கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினான். அவன் கஸ்தூரியின் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வீடு எது என்று மட்டும் கேட்டான். அவள் சொன்னாள். லாரி நகர்ந்தது; தூறல் வலுக்கத் தொடங்கியிருந்தது.